செங்கோல் அக்காவைத் தேடி

ஓய்வு பெற்றால் நிம்மதியாக உட்காரலாம் என்று எனக்குச் சொன்னவர்கள் எல்லாரும் இன்னும் வேலையில் இருப்பவர்கள். எனக்கு உட்கார வரவில்லை. காலையில் இட்லி இறங்கியதும் கால்கள் செருப்பைத் தேடுகின்றன. எங்கள் தெருவிலிருந்து கல்மண்டபம் வரை நடந்து போகிறேன், அங்கே ஒரு வேலையும் இல்லாமல் திரும்பி வருகிறேன். வழியில் யாராவது ஆபீஸுக்கா என்று கேட்டால் ஆமாம் என்கிறேன். இல்லை என்றால் நின்று விளக்க வேண்டியிருக்கிறது.

ராயபுரத்தில் ஒரு கத்தோலிக்கக் கோயிலின் பங்கு அலுவலகத்தில், அதாவது அந்தக் கோயிலைச் சேர்ந்த வட்டாரத்துக்கான அலுவலகத்தில், எழுத்தராக இருந்தவள் நான். குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தால், கல்யாணம் நடந்தால், யாரையாவது அடக்கம் செய்தால் அதைப் பதிவேட்டில் ஏற்றுவதும், கேட்பவர்களுக்குச் சான்றிதழ் எடுத்துக் கொடுப்பதும் என் வேலை. அது பாதிதான். மீதிப் பாதி, தங்கள் வேரைத் தேடி வருகிறவர்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து விமானத்தில் வருவார்கள், மணலி புதுநகரிலிருந்து ஷேர் ஆட்டோவிலும் வருவார்கள். தாத்தாவின் அப்பா யார், பாட்டி எந்தத் தெரு, எங்கே புதைத்தார்கள் என்று கேட்பார்கள்.

இப்போது அந்தப் பதிவேடுகளை எல்லாம் படம் பிடித்துக் கணினியில் ஏற்றிவிட்டார்கள். எனக்குப் பின் அங்கே வேலைக்கு வந்திருக்கும் இருவர் போன மாதம் வீட்டுக்கு வந்தார்கள். பெயரைத் தட்டினால் மேரிகளும் அந்தோணிகளும் திருவிழாக் கூட்டம் மாதிரி வந்து நிற்கிறார்களாம், இதில் எங்கள் ஆள் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது, கொஞ்சம் எழுதிக் கொடுங்கள் என்றார்கள். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். நாலு வரிக்கு ஒருமுறை எழுந்து ஜன்னலுக்குப் போய்விடுவதால் கோர்வையாக வருமா தெரியவில்லை.

முதலில், பெயரை நம்பாதீர்கள். எங்கள் ஜனங்களில் பலருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. சவரிமுத்து என்ற ஒரே மனிதரை ஒரு சாமியார் சேவியர் என்று எழுதியிருப்பார், அடுத்தவர் சவேரி என்பார், மூன்றாமவர் வெறும் முத்து என்று எழுதிவிட்டுச் சாப்பிடப் போயிருப்பார். பழைய பதிவேடுகள் லத்தீனில் வேறு இருக்கும். அதனால் நான், ஞானஸ்நானத்தின்போது குழந்தைக்குப் பொறுப்பேற்று நிற்கும் ஞானத்தாய், ஞானத்தந்தை பெயர்களைத்தான் முதலில் பார்ப்பேன். அவர்கள் பக்கத்து வீட்டுக்காரர்களாக இருப்பார்கள், படகில் கூட்டாளியாக இருப்பார்கள், அத்தையாக இருப்பார்கள். மூத்த பிள்ளைக்கு ஞானத்தாயாக நின்றவள் இளைய பிள்ளையின் கல்யாணத்தில் சாட்சியாக நிற்பாள். அவள் பின்னாலேயே போனால் வீடு வந்துவிடும்.

அப்புறம் ஓரம். ஞானஸ்நானப் பதிவுக்குப் பக்கத்தில் கொஞ்சம் காலியிடம் விட்டிருப்பார்கள். அந்தக் குழந்தை வளர்ந்து எந்த ஊர்க் கோயிலில் கல்யாணம் செய்தாலும் அங்கிருந்து எங்களுக்குத் தகவல் வரும், அதை அந்த ஓரத்தில் குறிப்போம். ஓரம் காலியாக இருந்தால், அந்த ஆளுக்குக் கல்யாணம் ஆகவில்லை, அல்லது கோயிலில் ஆகவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வாழ்க்கையே இருக்கும்.

அரசாங்கத்தின் மக்கள்தொகைக் கணக்கில் தனி ஆள் பெயரை நமக்குக் காட்ட மாட்டார்கள். எங்களிடம் பங்குக் கணக்கெடுப்பு என்று ஒன்று உண்டு. சில வருடங்களுக்கு ஒருமுறை வீடு வீடாகப் போய் யார் இருக்கிறார்கள், யார் எந்தப் பங்குக்குக் குடிபெயர்ந்தார்கள் என்று எழுதி வருவோம். கடல் அரித்து வீடு போனவர்கள், வாடகை ஏறி வடக்கே தள்ளப்பட்டவர்கள் எல்லாரும் அதில்தான் கிடைப்பார்கள். நானே குடை பிடித்துக்கொண்டு சந்து சந்தாக அலைந்திருக்கிறேன். அலைகிற கால் அப்போது வந்ததுதான் என்று நினைக்கிறேன்.

தட்டச்சு படித்துவிட்டு இந்த வேலைக்கு வந்தேன். முதல் வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தூசியில் தும்மினேன், பூச்சி அரித்த தாள்களைப் பிய்க்காமல் புரட்டப் பழகினேன், விதவை, கைக்குழந்தை, காலரா என்பதற்கெல்லாம் லத்தீனில் என்ன என்று தெரிந்துகொண்டேன்.

அந்த நாட்களில் பங்குத்தந்தையாக இருந்தவரை ஃபாதர் அருளப்பன் என்று சொல்கிறேன். உயரமானவர், கோபக்காரர், நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு வராந்தாவில் நடந்தபடியே எல்லா வேலையும் செய்வார். அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. சான்றிதழில் கையெழுத்துப் போடுவதற்கு முன், வந்தவரை எதிரே நிற்க வைத்துப் பதிவேட்டில் உள்ளதை உரக்கப் படிப்பார். அவசரம் என்று யாராவது கை நீட்டினால், காகிதம் அப்புறம், முதலில் காதில் கேளுங்கள் என்பார். எழுத்துத் தெரியாதவர்கள் பலர் தங்கள் பிறப்பைப் பற்றி முதல்முறையாக அப்படித்தான் கேட்டார்கள். தப்பும் அப்படித்தான் வெளியே வரும். சாமி, அது என் செத்துப்போன அண்ணன் பதிவு, எனக்கும் அதே பேருதான் வைத்தார்கள் என்று ஒருவர் நடுவில் நிறுத்தியிருக்கிறார்.

ஒருமுறை துணிக் கம்பெனியில் வேலை செய்யும் ஒரு பெண் கல்யாணத்துக்காகச் சான்றிதழ் கேட்டு வந்தாள். மாப்பிள்ளையின் அம்மாவும் கூடவே வந்திருந்தார். நான் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். தகப்பன் பெயர் எழுதும் இடத்தில் ஒன்றும் இல்லை. ஃபாதர் இன்றைக்காவது படிக்காமல் விட மாட்டாரா என்று நினைத்துக்கொண்டே பதிவேட்டை அவரிடம் நீட்டினேன். அவர் படித்தார். குழந்தையின் பெயர், தாயின் பெயர், ஞானப் பெற்றோரின் பெயர் என்று ஒரே சீராக, எங்கும் தடுக்காமல், இன்னும் கொஞ்சம் உரக்கவே படித்தார். அந்த அம்மாள் தகப்பன் பேர் வரவில்லையே என்றார். "பதிவு இவ்வளவுதாம்மா. முழுசா இருக்கு" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, சான்றிதழைப் பெண்ணின் கையில் கொடுத்தார். அவர்கள் போனபின் தோட்டக்காரரை ஒரு காரணமும் இல்லாமல் சாயங்காலம் வரை திட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கல்யாணம் நடந்தது.

கல்லறை விஷயமும் ஒன்று சொல்ல வேண்டும். இங்கே இடம் இல்லாததால் குடும்பக் கல்லறை இல்லாதவர்களின் குழியைச் சில வருடங்கள் கழித்துத் திறந்து வேறொருவரை வைப்பார்கள். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு இதைச் சொல்வது பெரிய பேஜாரு. கல்லறைத் திருநாளன்று ஒரு வயதான ஆங்கிலோ இந்தியர் மெல்போர்னிலிருந்து வந்திருந்தார். ரயில்வேயில் இருந்த அவர் தாத்தாவின் அடக்கப் பதிவைக் கண்டுபிடித்து, குழி இருந்த வரிசையையும் காட்டிவிட்டேன். அங்கே வேறொரு குடும்பம் தங்கள் ஆளுக்கு மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தது. அவர் சங்கடத்தோடு ஒதுங்கி நின்றார். அந்த வீட்டுப் பெண் என்ன சங்கதி என்று என்னிடம் விசாரித்துவிட்டு, தன் கையிலிருந்த சாமந்தி மாலையைப் பாதியாக அறுத்து அவரிடம் நீட்டினாள். அவர் அதைக் கல்லின் மேல் வைக்கும்போது அழவில்லை. ஊருக்குப் போன பிறகு அழுததாக எழுதியிருந்தார்.

இனி ஜமால் பாய் விஷயம். இதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் எழுந்து எழுந்து உட்கார்ந்தேன்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னால் நடந்தது. ஜமால் பாய் கல்மண்டபத்தில் படகுக்கு வேண்டிய கயிறு, பெயின்ட், வலைச் சாமான் விற்கும் கடைக்காரர். அறுபதை நெருங்கும் வயது. எங்கள் ஆட்கள் பலர் அவரிடம் வாடிக்கை. அவர் ஒரு நாள் அலுவலக வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வராமலே நின்றார். கோயிலுக்கு ஏதோ நன்கொடை கொடுக்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

அவர் அம்மா மரியம் பீவிக்கு எண்பது வயதுக்குக் கிட்டே. ஞாபகம் கலைந்துவிட்டது. தண்டையார்பேட்டையில் தன் சொந்த வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டு வீட்டுக்குப் போகலாம் என்று எழுந்து எழுந்து வாசலுக்குப் போகிறாராம். பிடித்து உட்கார வைத்தால் மறுபடி எழுந்துகொள்கிறார். கூடவே ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்.

"செங்கோலு, செங்கோலுன்னு கூப்டுகினே கீது மேடம். ஏதோ ராஜா கதை கேட்ட ஞாபகம்னு நெனச்சிகினு வுட்டுட்டோம். நேத்து, செங்கோலக்கா வந்துச்சா, கதவத் தொறன்னுச்சு. ராஜா கதைல இன்னா அக்கா?"

செங்கோல் மேரி என்பது எங்களிடையே பழைய பெயர். மாதாவின் பெயர்களில் ஒன்று. இப்போது யாரும் வைப்பதில்லை. நான் அதைச் சொன்னதும் அவர் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் அப்பா துறைமுகத்தில் ஐஸ் வியாபாரம் செய்தவர், காலமாகி வெகுநாள் ஆயிற்று. அம்மா யாருமற்றவள், வெளியூர் என்று மட்டும் பிள்ளைகளிடம் சொல்லியிருந்தார். அம்மாவும் அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசியதில்லை. அம்மா தூங்கப் போகும்போது நெற்றியிலும் மார்பிலும் கை வைப்பதைச் சின்ன வயதில் பார்த்திருப்பதாக, அப்போதுதான் நினைவு வந்தவர் போல, பாய் சொன்னார்.

அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். அந்த அக்கா உயிரோடு இருந்தால் ஒரு தடவை அம்மா கண்ணில் காட்ட வேண்டும் என்றார். அம்மா ஓய்ந்து உட்கார்ந்து நாளாயிற்று என்றார்.

மரியம் என்றால் மேரியாக இருந்திருப்பார். மேரியைத் தேடினால் ஆயுசு போதாது. செங்கோலைத் தேடினேன். பொருத்தமான காலத்தில் ஒரே ஒரு செங்கோல் மேரி கிடைத்தாள், மீனவர் சந்து ஒன்றில் பிறந்தவள். அதே பெற்றோர், அதே ஞானத்தாயோடு கொஞ்சம் தள்ளி இன்னொரு பெண் குழந்தை, ஆரோக்கியமேரி. செங்கோல் மேரியின் ஓரத்தில் கல்யாணக் குறிப்பு இருந்தது. மணமகன் திருவொற்றியூர்க்காரர், மனைவியை இழந்தவர். தங்கை ஆரோக்கியமேரியின் ஓரம் காலி. அடக்கப் பதிவேட்டிலும் அவள் இல்லை.

இவள்தான் என்று பாய்க்கு ஃபோன் செய்யப் போனேன். அதற்குள் இன்னொன்று கண்ணில் பட்டது. செங்கோல் மேரி கல்யாணமான பிறகு எங்கள் கோயிலிலேயே ஞானஸ்நானம் பெற்ற தன் முதல் பெண்ணுக்கு ஆரோக்கியமேரி என்று பெயர் வைத்திருந்தாள். எங்களிடம் வீட்டில் இறந்தவர்களின் பெயரைத்தான் அப்படி வைப்பது வழக்கம். அப்படியானால் தங்கை சின்ன வயதில் வேறு எங்கோ இறந்திருக்க வேண்டும், பாயின் அம்மா வேறு யாரோ. ஃபோனைக் கீழே வைத்தேன். இருக்கிறாள், இல்லை என்று மாறி மாறிப் பதிவேடுகளுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தேன்.

திருவொற்றியூர்ப் பங்கின் கணக்கெடுப்பு அட்டைகளில் அந்தக் குடும்பம் அங்கிருந்து கடல் அரிப்பில் வீடு போய் எர்ணாவூர்க் குடியிருப்புக்கு மாறியது தெரிந்தது. எர்ணாவூர்ப் பங்கு எழுத்தர் என் தோழி. செங்கோல் ஆயா உயிரோடுதான் இருக்கிறாள், மகளோடு இருக்கிறாள், வாய் மட்டும் இன்னும் ஓயவில்லை என்றாள். அப்போதிருந்த எங்கள் இளம் பங்குத்தந்தை ஒன்று சொன்னார். உயிரோடு இருப்பவரின் விலாசத்தை அவரைக் கேட்காமல் யாரிடமும் கொடுக்காதீர்கள். சரியான பேச்சு. அதனால் பாயிடம் ஒன்றும் சொல்லாமல் நானே பஸ் ஏறினேன்.

குடியிருப்பின் கீழ்த்தளத்தில் வீடு. கதவருகே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் ஒல்லியான கிழவி, காதில் பாம்படம் இருந்த ஓட்டை மட்டும் தொங்கியது. மகள் ஆரோக்கியமேரி எனக்குத் தண்ணீர் கொடுத்தாள். நான் சுற்றி வளைக்காமல், ஆயா, உங்களுக்கு ஒரு தங்கச்சி உண்டா என்று கேட்டேன்.

"இருந்துச்சு. செத்துப்போச்சு."

எங்கே அடக்கம் செய்தீர்கள் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அடக்கம் இன்னா அடக்கம். ஐஸுக்காரன் பின்னால போச்சு. எங்கப்பாரு கடல்ல தல முழுகினாரு. எங்களையும் இஸ்துகினு போயி முழுக்காட்டுனாரு. முடிஞ்சுது."

தண்டையார்பேட்டையில் அவர் தங்கை இருப்பதையும் நினைவு தப்பிய நிலையில் அக்காவைக் கேட்பதையும் சொன்னேன். கிழவிக்கு முகம் இறுகிவிட்டது. அவருக்கு அப்போது நிச்சயமாகியிருந்ததாம், நல்ல இடம். தங்கை ஓடிப்போன மறுநாளே மாப்பிள்ளை வீட்டார் முறித்துக்கொண்டார்கள். அப்புறம் யாரும் கேட்டு வரவில்லை. கடைசியில் பிள்ளைகள் உள்ள ஒருவருக்கு இரண்டாம் தாரமாகப் போனார். மூத்த தாரத்தின் பிள்ளைகளை வளர்த்தார், அடி வாங்கினார். இப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்ததா என்று கேட்டார்.

மகள் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. சித்தி ஒருத்தி கடலில் போய்விட்டாள் என்றுதான் அவள் கேட்டு வளர்ந்தவள்.

"அப்ப எனக்கு ஏம்மா அவங்க பேர வெச்ச?" என்று கேட்டாள்.

கிழவி வாசலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "வூட்ல அந்தப் பேர யாரும் சொல்லக் கூடாதுன்னுட்டாரு எங்கப்பாரு. உனக்கு வெச்சிட்டா கூப்டலாமில்ல."

மகள் உள்ளே போய்விட்டாள். கிழவி, விலாசத்தைக் கொடுக்காதே, யாரும் இங்கே வரக் கூடாது, நானும் வர மாட்டேன் என்று சொல்லி என்னை அனுப்பிவிட்டார்.

ஜமால் பாயிடம் என்ன சொல்வது? உங்கள் பெரியம்மா இருக்கிறார், பார்க்கச் சம்மதிக்கவில்லை என்று உள்ளதைச் சொன்னேன். அவர் விலாசம் கேட்கவில்லை. "அவங்க வருத்தம் அவங்களுக்கு, வுடுங்க மேடம்" என்றார். பிறகு, அவரைப் பெரியம்மா என்று சொன்னீர்களே, இந்த வயதில்தான் எனக்கு ஒரு பெரியம்மா இருப்பதே தெரிகிறது என்று சிரிக்கப் பார்த்தார். அந்த வாரம் முழுவதும் எனக்கு எதிலும் கை ஓடவில்லை. அந்த வீட்டுக் கதவைத் தட்டிக் கிளறிவிட்டு வந்ததற்கு யாருக்கு என்ன லாபம் என்று கேட்டுக்கொண்டே சான்றிதழ்களைத் தப்புத் தப்பாக அடித்தேன்.

ஒரு முற்பகலில் வாசலில் ஆட்டோ நின்றது. மகளைப் பிடித்துக்கொண்டு செங்கோல் மேரி இறங்கினார். நல்ல சேலை, எண்ணெய் வைத்துச் சீவிய தலை. அலுவலகத்துக்குள் வந்ததும் உட்காரக்கூட இல்லை.

"எங்க கீது அந்த வூடு? ரெண்டு வார்த்த கேட்டுட்டுப் போறேன். கேக்காம சாவ மாட்டேன் நானு."

பாய்க்கு ஃபோன் செய்துவிட்டு நானும் அதே ஆட்டோவில் ஏறினேன். தண்டையார்பேட்டை வீட்டு வாசலில் ஜமால் பாய் நின்றிருந்தார். அவரைப் பார்த்ததும் கிழவி தடுமாறியது எனக்குத் தெரிந்தது. முகம் அப்படியே தாத்தா முகம் என்று பின்னால் மகள் சொன்னாள். பாய், வாங்க பெரிம்மா என்று கை கொடுத்தார். அவர் அதைப் பிடிக்கவும் இல்லை, தட்டவும் இல்லை.

உள்ளே கட்டிலில் மரியம் பீவி முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தார். சின்ன உருவம். ஒரு கால் கீழே தொங்கியபடி, எந்த நிமிடமும் எழுந்து கிளம்புகிறவர் போல இருந்தார். பாய் குனிந்து, அம்மா, செங்கோலக்கா வந்திருக்கு என்றார். மரியம் பீவி எதிரே நின்றவரை உற்றுப் பார்த்தார். அடையாளம் தெரியவில்லை. எங்கக்கா சின்னப் பொண்ணு, இந்தம்மா கிழவி என்றார். பிறகு மரியாதையாகக் கட்டிலில் இடம் விட்டு, அக்கா வரும், வரும் வரைக்கும் குந்துங்க என்றார்.

செங்கோல் மேரி உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. கேட்க வந்ததைக் கேட்க ஆரம்பித்துவிட்டார். எல்லாவற்றையும் சொன்னார். முறிந்த நிச்சயம், இரண்டாம் தாரம், அப்பா கடைசிவரை சிரிக்காமல் போனது, அம்மா இருட்டில் வாயைப் பொத்திக்கொண்டு அழுதது. "ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லிட்டுப் போயிருக்கலாமில்ல. ஒரே பாய்லதான படுத்துகினு இருந்தோம்" என்றார். ஜமால் பாய் தலையைக் குனிந்துகொண்டார். நான் வாசலுக்குப் போகலாமா, உள்ளேயே நிற்கலாமா என்று தெரியாமல் நிலைப்படியில் நின்றேன்.

மரியம் பீவி முழுவதையும் கவனமாகக் கேட்டார். அடுத்த வீட்டுக்காரி தன் கஷ்டத்தைச் சொல்ல வந்தால் கேட்பது போல, உச் கொட்டிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் செங்கோல் மேரியின் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"உங்க தங்கச்சி பண்ணது தப்புதாம்மா" என்றார். "சொல்லாம போயிருக்கக் கூடாது. அது இன்னும் அழுதுகினுதான் இருக்கும்."

செங்கோல் மேரி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வுடு" என்றார் கடைசியில். "சின்னப் பொண்ணு அது. அதுக்கு இன்னா தெரியும்."

அதன் பிறகு பாய் வாராவாரம் எர்ணாவூருக்கு வண்டி அனுப்பினார். செங்கோல் மேரியும் முணுமுணுத்துக்கொண்டே ஏறி வந்தார். தங்கைக்குக் கடைசிவரை அவரை அடையாளம் தெரியவில்லை. ஏதோ ஒரு நல்ல அம்மா வந்து போகிறார் என்றே நினைத்தார். இது நல்லதாகப் போயிற்றா என்று என்னைக் கேட்டால் எனக்கு இன்னும் சொல்லத் தெரியாது. போன மழைக்காலத்தில் மரியம் பீவி இறந்தார். அதற்குச் சில வாரம் முன்னால் ஒரு சாயங்காலம் நான் அங்கே போயிருந்தேன். வழக்கம்போல மரியம் பீவி எழுந்து வீட்டுக்குப் போகலாம் என்று வாசலுக்கு வந்தார். மற்றவர்கள் தடுக்க ஓடினார்கள். செங்கோல் மேரி தடுக்கவில்லை. வா போலாம் என்று செருப்பைப் போட்டுவிட்டு, கையைப் பிடித்து, தெருமுனை வரைக்கும் கூட்டிப்போனார். நான் பின்னால் நடந்தேன். பள்ளிவாசலில் தொழுகைக்குக் கூப்பிட்டார்கள். மரியம் பீவி நின்று, எங்கக்கா எங்க, இன்னும் காணோமே என்றார்.

"வந்துகினே கீது" என்று செங்கோல் மேரி சொன்னார். "நீ நட."